பயறுக்குள் தேங்காய் எண்ணெய்

என் வாழ்நாளில் நான் செய்த விஞ்ஞானக் கண்டுபிடிப்பு ஒன்றே ஒன்றுதான். அதன் ஆயுள் பத்து நிமிடம்.

பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். சோயா, சிறகவரை, பயறு ஆகியவற்றில் எண்ணெய் எடுத்து, எதில் எந்தக் கொழுப்பமிலம் எவ்வளவு என்று ஒப்பிடுவது என் ஆய்வு. முதல் இரண்டும் தாராளமாகத் தந்தன. பயறோ, எவ்வளவு அரைத்தும் குப்பியின் அடியை நனைத்ததோடு சரி. (கஞ்சனிடம் நன்கொடை கேட்ட மாதிரி.)

ஆய்வுகூடத்துக் குளிர்சாதனப் பெட்டி பழுதானதால், குப்பிகளை எங்கள் ஊரான கற்பிட்டிக்குக் கொண்டுவந்து வீட்டுப் பெட்டியில், இறால் பொதிக்குப் பக்கத்தில் வைத்தேன். திங்கட்கிழமை நான் குளித்துவிட்டு வருவதற்குள் உம்மாவே அவற்றைத் துணியில் சுற்றி, சோற்றுப் பார்சலோடு என் பையில் வைத்திருந்தா.

ஆய்வுகூடத்தில் அவிழ்த்தபோது பயறுக் குப்பி கழுத்துவரை நிறைந்திருந்தது. 'பஸ் குலுக்கலில் ஒட்டியிருந்ததெல்லாம் இறங்கியிருக்கும்' என்று நினைத்தேன். (ஓம், அப்படித்தான் நினைத்தேன்.)

பரிசோதனை முடிவு வந்தது. பயறு எண்ணெயில் லோரிக் அமிலம் குவிந்து கிடந்தது! தேங்காய் எண்ணெயின் அடையாளமே அதுதான். பயறில் அது இருக்க நியாயமில்லை. வேறு யாராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் ஆய்வரங்குக்குப் புதுச் சல்வார் தைத்தேன்.

"உலகம் இதுவரை கவனிக்காத உண்மை..." என்று மேடையில் தொடங்கி, பத்து நிமிடம் முழங்கினேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, உங்கட ஊர்ல பயறு தென்னமரத்திலயா காய்க்குது?"

மண்டபமே சிரித்தது. இரண்டு வாரத்தில் முழுவதையும் திரும்பச் செய்யாவிட்டால் பட்டம் இல்லை என்றார். வெளியே ஓடிவந்து உம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"உம்மா, அந்தக் குப்பிகளத் திறந்தீங்களா?"

"ஓம் மகள். மத்த ரெண்டுலயும் நெறய இருந்திச்சு, ஒண்டுல மட்டும் ஒண்டுமேயில்ல. படிப்பிக்கிற சேர்மாருக்கு முன்னால ஒனக்குக் கொறஞ்சி போயிருமேண்டு கொஞ்சம் ஊத்தி விட்டேன்."

"உம்மா!"

"ஏன் கத்துற? நம்மட தேங்காயில ஆட்டின நல்ல எண்ணெதானே!"

அழ வந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இரண்டு வாரமும் உம்மா என்னோடு உட்கார்ந்து பயறு அரைத்துத் தந்தா. குப்பிப் பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோகவில்லை. பட்டமும் கிடைத்தது.

இன்றும் வீட்டில் போனில் சார்ஜ் இறங்கினால், "உம்மாக்கிட்டக் குடுங்க, நிரப்பித் தருவா" என்பார் வாப்பா. போன மாதம் என் தங்கச்சி கணிதத்தில் மிகக் குறைந்த புள்ளியோடு வந்தாள். எங்கள் யாரையும் பார்க்காமல் நேரே போய் விடைத்தாளை உம்மாவிடம் நீட்டினாள்.

"கொஞ்சம் ஊத்தி விடுங்க, உம்மா."