அறுபத்து நாலு கட்டம்

உங்கள் பிள்ளை எத்தனை மணிக்குப் பல் விளக்குகிறது என்று கல்வி ஆபீசுக்குத் தெரியுமா? எங்கள் வேம்பு விளக்குவது தெரியும். காலை ஆறே கால். மூன்று படிகளில் பதிவாகியிருக்கிறது.

கல்வி ஆபீசர் சிங்காரவேலு சார், நேரத்தை எப்படி நிர்வகிப்பது என்று மெட்ராசில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தார். ரயிலைத் தவறவிட்டதால் முதல் நாள் பயிற்சி மட்டும் கிடைக்கவில்லையாம். வந்த வேகத்தில் உத்தரவு போட்டார்: 'காலை ஆறு முதல் இரவு பத்து வரை, கால் மணிக்கு ஒரு கட்டமாக, அறுபத்து நாலு கட்டங்களை ஒவ்வொரு மாணவரும் நாள்தோறும் பூர்த்தி செய்யக் கடவர். அங்கீகாரமின்றி ஒரு கட்டமும் மாற்றலாகாது.'

வேம்பு அஞ்சாவது படிக்கிறாள். மாசியில் உதவித்தொகைப் பரீட்சை. தேறினால் ஜெயங்கொண்டத்தில் விடுதியில் சேர்ந்து மேலே படிக்கலாம். தவறினால் என்னோடு கடலைக் கொல்லைக்கு வரவேண்டியதுதான். அதனால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பயபக்தியோடு கோடு போட்டுக் கொடுத்தேன்.

அந்தச் சமயம் பார்த்து நம்பர் ஓடுகிற எலக்ட்ரானிக் வாட்ச் ஊருக்குள் வந்தது. முள் கிடையாது, நேரமானால் கீச்சுக் கீச்சென்று கத்தும். காகிதமா, வாட்ச்சா என்று முடிவெடுக்கப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் கூடியது.

"காகிதம் கத்துமா டீச்சர்?" என்றார் எட்மாஸ்டர் ராசாங்கம்.

"வாட்ச்சுல எங்க சார் கையெழுத்துப் போடுவீங்க?" என்றார் செங்கமலம் டீச்சர்.

ரெண்டு மணி நேரம் கழித்து ஏகமனதாகத் தீர்மானம் ஆனது: வாட்ச் கத்த வேண்டியது, கத்தியதைக் காகிதத்தில் எழுத வேண்டியது. முதலில் கை தட்டியது நான்தான். சிங்கப்பூரில் இருக்கிற அண்ணனுக்கு வாட்ச் கேட்டு அன்றைக்கே கடிதம் போட்டதும் நான்தான்.

வாட்ச்சும் வந்தது. பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கையில் ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தார்கள். பத்தே காலுக்கு, பரீட்சை எழுதிய ஏழு பிள்ளைகளின் வாட்ச்சும் கத்தின. ஏழு பேரும் பேனாவை மூடிவிட்டு, வரிசையாகத் தண்ணீர் குடிக்கப் போனார்கள். பத்தரைக்கு மறுபடி கத்தின. குடித்ததை எழுதினார்கள். வேம்புக்கு நூற்றுக்குப் பதினேழு.

மறுநாளே பஸ் ஏறி அரியலூருக்கு, சிங்காரவேலு சாரைப் பார்க்கப் போனேன்.

"சார், இதுல புள்ள படிக்கிற கட்டம் எங்க இருக்கு?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறுபத்து நாலையும் தேடினார். "அட்டவணை எழுத இருக்கு, சரிபார்க்க இருக்கு, சரிபார்த்ததை எழுத இருக்கு... எல்லாம் நிரம்பிடுச்சேம்மா."

"ஒரே ஒரு கட்டமாச்சும் குடுங்க சார்."

"தாராளமா. மாணவி கைப்பட மனு எழுதணும், மூணு படி. நாளைக்குக் காலைக்குள்ள வரணும்."

"நானே எழுதிடறேனே சார்?"

"பெத்தவங்களுக்குக் கட்டம் இல்லியேம்மா."

வீட்டுக்கு வந்தால், வேம்பு வாட்ச்சைக் கழற்றி அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு, கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பானை கீச்சுக் கீச்சென்றது. அவள் நிமிரவே இல்லை.

"அம்மா, பின்னக் கணக்கு பூரா போட்டுட்டேன்!"

புத்தகத்தை வாங்கி மூடி வைத்தேன்.

"படிப்பு கெடக்கட்டும்டி கண்ணு. நீ படிக்கறதுக்கு நேரம் கேட்டு மனு குடுக்கணும். சட்டுனு மூணு படி எழுதிக் குடு."