ஒன்னொன்னா அண்ணனின் மூன்று வாரங்கள்

1986 மார்ச் 3, திங்கட்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். ஒரு கோப்பை கோப்பி, இரண்டு துண்டு ரொட்டி. 6.35க்கு ஈப்போ, சிலிபின் முச்சந்தியில் தொழிற்சாலைப் பேருந்து. 7.15க்கு என் மேசையில் உட்கார்ந்து, சனிக்கிழமையின் உற்பத்திப் பதிவைச் சரிபார்த்து, மூன்று பென்சில்களைச் சீவி வைத்தேன். 7.22க்கு ஒன்னொன்னா அண்ணே கையில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு டெலக்ஸ் தாளோடு, வெளிறிய முகத்தோடு வந்து நின்றார்.

“தம்பி, செவப்பும் நீலமும் ஒரே நாள்ல விழுது.”

இதைப் படிக்கும் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. என் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்து முனை உடைந்தது. ஏன் என்று விளங்க அண்ணனைத் தெரிந்திருக்க வேண்டும்.

பேராக் மாநிலத்தில், ஏன், இந்த உலகத்திலேயே, ஒரே நாளில் இரண்டு மாற்றங்களைச் செய்யாத மனிதர் அவர் ஒருவர்தான். சட்டை புதிதென்றால் காற்சட்டை பழையது. காற்சட்டை புதிதாகும் மாதத்தில் சட்டை கிழிந்து தொங்கினாலும் மாற்றமாட்டார். எதைக் கேட்டாலும் “ஒன்னொன்னா மாத்துலா” என்பார். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரியும். எங்கள் தொழிற்சாலைக்கு அவர் ஒன்னொன்னா அண்ணே.

ஒருமுறை கண் மங்குகிறது என்று ஈப்போ டவுனில் ஒரு சீனரின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனார். கடைக்காரர் புதுச் சட்டமும் புது வில்லையும் எடுத்து வைத்தார். அண்ணே சட்டத்தை மட்டும் வாங்கி, அதில் பழைய வில்லைகளையே மாட்டச் சொன்னார். புதுச் சட்டம் பெரிது, பழைய வில்லை சிறிது. இடைவெளியில் பிளாஸ்திரி ஒட்டி ஒரு மாதம் நடமாடினார். “தலைவலி வந்தா மூக்குல கோளாறா, கண்ணுல கோளாறான்னு தெரியணுமா வேணாமா?” என்று என்னைக் கேட்டார். அந்த ஒரு மாதத்தில் அவர் எங்கள் மேலாளரை மூன்று முறை காவலாளி என்று நினைத்து, நுழைவாயிலைத் திறக்கச் சொன்னார்.

கல்யாணக் கதை இதைவிடப் பெரிது. சிலிபினில் புது வீட்டுக்குக் குடிவந்த வருடமே பெண் நிச்சயமானது. “இந்த வருசம் வீடு. பொண்ணு அடுத்த வருசம்” என்றுவிட்டார். பெண்ணின் தகப்பனார் பதறிப்போய், மாப்பிள்ளைக்கு ஏதாவது நோயா என்று எங்கள் தெரு முழுக்க விசாரித்தார். அந்த வருட மழையில் வீடு நாலு இடத்தில் ஒழுகியது. அண்ணே கூரை ஓடுகளை மாற்றினார், அடுத்த தை மாதம் தாலி கட்டினார். அந்த அக்கா பின்னால் என் மனைவியிடம் சொன்னது: “நான் வந்த பொறவு ஒழுகியிருந்தா, என் ராசிதான்னு பேசியிருப்பாங்க இல்ல? அதுக்காகத்தான் இந்த மனுசன் ஒரு வருசம் ஒத்தையில சோறு பொங்கித் தின்னுச்சு.”

இதை நான் அப்போது வெறும் வேடிக்கையாகத்தான் என் நாட்குறிப்பில் எழுதி வைத்தேன்.

எங்கள் தொழிற்சாலையில் கம்ப்யூட்டருக்கு மூளையான சில்லுகளைக் கால்கள் கொண்ட கூட்டில் பொருத்தி, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் இணைத்து அனுப்புவோம். அண்ணே திட்டப் பிரிவில் குமாஸ்தா. கடல் கடந்த தலைமை அலுவலகம் அனுப்பும் திட்டத்தைப் பெரிய தாளில் வரைந்து சுவரில் ஒட்டுவது அவர் வேலை. அதை அவர் சாமி படம்போலப் பார்த்துக்கொண்டார். ஒரு சில்லு விற்பனையில் இருக்கும்போதே அடுத்தது சோதனையில் இருக்கும். அதற்கடுத்தது வரைபடத்தில். அதற்கும் அடுத்தது எவரோ ஒருவரின் தலைக்குள்.

மூன்றாம் உற்பத்தி வரிசையின் தலைவி பாக்கியத்துக்கு ஒருநாள் விளக்கினார்.

“தோட்டத்துல பால் வெட்டுற மரம் ஒரு பக்கம் நிக்கும். பக்கத்துல எளமரம். அதுக்குப் பின்னால நாத்து. பால் நின்ன பொறவு நாத்து நட்டா, மரமாகுற வரைக்கும் என்னத்தத் திங்கிறது? சிப்பும் அப்படித்தான்லா.”

“அப்ப இதுக்கும் களை புடுங்கணுமாண்ணே?”

“நீ சிரிக்கிற. மேல செவப்புக் கோட்டைப் பாரு.”

சிவப்புக் கோடு சில்லின் வடிவம். நீலக் கோடு அதைச் செய்யும் முறை. தலைமை அலுவலகத்தார் முதலில் பழைய வடிவத்தையே புது முறையில் இன்னும் சிறிதாகச் செய்து பார்ப்பார்கள். அந்த முறை தேறிய பிறகே அதில் புது வடிவத்தை ஏற்றுவார்கள். சிவப்பு திரும்பும் இடத்தில் நீலம் நேராகப் போகும். நீலம் திரும்பும் இடத்தில் சிவப்பு நேராகப் போகும். இதைக் கண்டுபிடித்த அன்று அண்ணே எனக்கு ரொட்டி சானாய் வாங்கித் தந்தார். “கடலுக்கு அந்தப் பக்கமும் நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான் தம்பி!”

அப்படிப்பட்ட தாளில்தான் சிவப்பும் நீலமும் ஒரே திங்கட்கிழமையில் திரும்பின. நாங்கள் செய்துவந்த சில்லு ஜூன் மாதத்தோடு நிற்கிறது. அதற்கு இரண்டு பக்கம் கால்கள், அடுத்த தலைமுறைச் சில்லுக்கு நான்கு பக்கமும். அதோடு கம்பி கட்ட ஒரு புது இயந்திரமும் வந்து இறங்கியிருந்தது. மார்ச் 21, வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்தார் வருவார்கள். அன்று நூற்றுக்குத் தொண்ணூறு நல்லதாக வந்தால் புதுச் சில்லு எங்களுக்கு. வராவிட்டால் அது வேறு நாட்டுக்குப் போகும். மூன்றாம் வரிசையின் நாற்பத்திரண்டு பெண்களும் வீட்டுக்குப் போவார்கள். ஊரெங்கும் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த காலம்.

எந்த இயந்திரத்தில் எந்தச் சில்லு ஓடும் என்று அட்டவணை போடுவதும் அண்ணனின் வேலை. அவர் செய்தது இதுதான்: மூன்று வாரத்தில் முதல் இரண்டு வாரம், புது இயந்திரத்தில் பழைய சில்லை ஓட்டுவது என்று எழுதினார்.

மேலாளர் மேசையைத் தட்டினார். இயந்திரத்தோடு வந்திருந்த வெளிநாட்டு நிபுணர் சிரித்தார். பாக்கியம் சிரிக்கவில்லை.

“அண்ணே, சாகப்போற சிப்பை வச்சிக்கிட்டு என்னா வெளாட்டு? எங்க பொழப்புண்ணே இது.”

அப்போதுதான் அண்ணே அதுவரை என்னிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்தில் அவர் தகப்பனார் பால் வெட்டியவர். ஒரு வருடம் புது ரக மரத்தையும் புது வெட்டு முறையையும் துரை ஒன்றாகக் கொண்டுவந்தார். பட்டை புண்ணாகிப் பால் நின்றது. மரமா, முறையா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

“தெரியலன்னா என்னா செய்வாங்க தெரியுமா? வெட்டுனவன் கைதான் சரியில்லன்னு சொல்லிருவாங்க. எங்கப்பாவைச் சொன்னாங்க. மூணே நாள்ல வீட்டைக் காலி பண்ணுனோம்.”

பாக்கியம் போய் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து பழைய சில்லை எடுத்து வைத்தாள். மேலாளர் “இரண்டே வாரம்” என்று விரலைக் காட்டிவிட்டுப் போனார்.

முதல் வாரம் கம்பிகள் பட்பட்டென்று அறுந்தன. கம்பியின் இழுப்பைத் திருத்தினார்கள். ஒரு நாள் ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு சூட்டைத் திருத்தினார்கள். ஒவ்வொன்றாக. மார்ச் 14 மாலை, பழைய சில்லில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. பதிவேட்டில் மணியோடு எழுதி வைத்தேன்.

மார்ச் 17, திங்கட்கிழமை புதுச் சில்லை ஏற்றினோம். நூற்றுக்கு அறுபத்தொன்று.

நிபுணர் உதட்டைப் பிதுக்கினார். “பெண்களின் கை இன்னும் பழகவில்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னார். மேலாளர் தலையாட்டினார். அண்ணே என் பதிவேட்டைத் தூக்கிப்போய் அவர்கள் முன் விரித்தார். அவருடைய ஆங்கிலம் அதிகம் இல்லை. அன்று அது போதுமானதாக இருந்தது. அதே கை, அதே இயந்திரம், வெள்ளிக்கிழமை தொண்ணூற்றாறு. மாறியது ஒன்றே ஒன்று, சில்லு. அங்கே தேடுங்கள் என்றார்.

நிபுணர் பதிவேட்டை இரண்டு முறை புரட்டினார். அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை.

தேடியது பாக்கியம். கெட்டுப்போன முப்பத்தொன்பதையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

“அண்ணே, இங்க வாங்க. கம்பி எல்லாம் ஒரே மூலையிலதான் படுத்துக் கெடக்குது.”

வரைபடத்தின்படி அந்த மூலையின் கம்பிகள் கடைசியில் கட்டப்பட்டன. அதற்குள் பக்கத்துக் கம்பிகள் நெருங்கி நின்றன. கம்பி கட்ட உள்ளே நுழையும் இயந்திரத்தின் ஊசி அவற்றைச் சாய்த்தது.

“மூலையை மொதல்ல கட்டுனா என்னா?” என்றாள்.

தலைமை அலுவலகத்துக்கு டெலக்ஸ் போனது. புதன்கிழமை அனுமதி வந்தது. நிபுணரே முன்வந்து, போகிற போக்கில் வேகத்தையும் கொஞ்சம் கூட்டலாமே என்றார். அண்ணே அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் கோப்பி குடிக்கப் போய்விட்டார். வியாழக்கிழமை தொண்ணூற்று நான்கு. வெள்ளிக்கிழமை, வந்தவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கையில், தொண்ணூற்றைந்து. மாலை 4.10க்கு மேலாளர் வந்து, சில்லு ஈப்போவுக்குத்தான் என்றார். நாற்பத்திரண்டு பேரும் போட்ட சத்தத்தில் என் மேசையின் பென்சில்கள் உருண்டன.

பேருந்துக்குப் போகுமுன் பாக்கியம் ஒரு பொட்டலத்தை அண்ணனிடம் நீட்டினாள். உள்ளே ஒரு புதுச் சட்டை, காலுக்கு ஒரு சோடி புதுச் சப்பாத்து. அளவு அவர் மனைவியிடம் வாங்கியது. அண்ணே இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எதை மொதல்ல?” என்றார்.

“ரெண்டையும் நாளைக்கே போட்டுட்டு வாங்கண்ணே.”

“ரெண்டுமா? கோளாறு வந்தா?”

“வந்தா பழியை எங்க மேல போடுங்க.”

மார்ச் 22, சனிக்கிழமை. 7.15க்கு என் மேசை. 7.22க்கு அண்ணே வந்தார். புதுச் சட்டை, புதுச் சப்பாத்து. ஈரச் சிமெண்டுத் தரையில் நடப்பவர்போல ஒவ்வொரு அடியாக வைத்து, எவர் முகத்தையும் பார்க்காமல், மூன்றாம் வரிசையைக் கடந்து தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். அன்று உற்பத்திப் பதிவைத் திறக்கும் முன், முதல் வேலையாக என் நாட்குறிப்பைத் திறந்து எழுதினேன்: “அண்ணே இன்று இரண்டையும் மாற்றினார். கோளாறு எதுவும் இல்லை.”