அருவிக்கரையில் செருப்பு மாறிப்போன விவரம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கைப்பிடித்த நாள் முதல் உங்களுக்கு ஒரு வரி போடாத நான், மாடிவீட்டு டைப்பிஸ்ட் அம்மாவை வைத்து எழுதிக்கொள்வது. எனக்கு எழுத்து வாசனை கிடையாது என்பது தாங்கள் அறிந்ததே. நான் வழக்கம்போல வாசலைப் பார்த்து உட்கார்ந்து சொல்கிறேன், அந்த அம்மா எனக்குப் பின்னால் மேசையில் எழுதுகிறார். இங்கே அனைவரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் அந்த அனைவரில் முக்கியமான ஆள் பதினோரு நாளாக உங்கள் வீட்டில் இருப்பதால் வாய் வரவில்லை.

உங்கள் தங்கை என்ன சொன்னாளோ தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, விடிகாலை ஐந்தே முக்காலுக்கு, மகன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, "அப்பா, முதல்ல அருவி, அப்புறம் படகு, மூணு தீவு, ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு" என்றான். "மூணு தீவையும் ஒரே நாள்ல பாத்துட்டா நாளைக்கு எதைப் பாக்கறது?" என்றேன். "நாளைக்கு ஆபீஸ்" என்றான். மகன், மருமகள், உங்கள் தங்கை, நான், ஆக நாலு பேர் கிளம்பினோம். ஒன்பது இருபதுக்கு அருவி. மூவரும் செருப்பைப் பாறையடியில் கழற்றிப்போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்கள். அங்கே ஏற்கெனவே ஐம்பது அறுபது ஜோடி கிடந்தது. "நீங்க குளிக்கலையா?" என்றாள் உங்கள் தங்கை. "மேலேர்ந்து விழுறதை நம்பி நான் தலையைக் குடுக்கறதில்ல" என்று சொல்லிவிட்டுக் குடையோடு பாதையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன்.

நாற்பத்திரண்டு வருஷம் சைக்கிள் ஸ்டாண்டில் இருந்தவன் நான். டோக்கன் எழுதத் தெரியாது. வாசலைப் பார்த்துதான் உட்காருவேன். பின்னால் நடக்கிற சத்தத்தை வைத்தே, வருகிறது பாங்க் காஷியரா, பால்காரரா, யார் எந்தச் சைக்கிளை எடுக்கிறார் என்று திரும்பாமல் சொல்லுவேன். ஒரு வண்டி ஆள் மாறிப் போனதில்லை. அந்தக் காதை நம்பித்தான் அன்றைக்குக் கெட்டேன். உங்கள் தங்கையின் இடது செருப்பு வார் அறுந்து, நானே கம்பி போட்டு முடுக்கியது. நடந்தால் டப், சரக், டப், சரக் என்று கேட்கும். பத்தரைக்கு அந்தச் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. அதே நேரம் ஒலிபெருக்கியில் படகு கிளம்புகிறது என்றார்கள். "வந்துட்டியா? நட, படகு போயிடும்" என்று முன்னால் நடந்தேன். சத்தமும் பின்னாலேயே வந்தது. மகனும் மருமகளும் வந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

படகில் எல்லாருக்கும் ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை மாட்டிவிட்டார்கள். நான் முன்பலகையில், சத்தம் பின்பலகையில். தண்ணீர் தெறிக்கிறதென்று குடையைத் தூக்கிப் பிடித்தேன். மச்சான், படகு மோட்டார் போடுகிற இரைச்சலில் மனுஷனுக்கு ஒரு தைரியம் வரும் பாருங்க. முதலில் மருமகள் வாங்கிய மெத்தை, அப்புறம் என் முழங்கால் என்று வீட்டு விஷயமாகப் பேசிக்கொண்டே வந்தவன், இத்தனை வருஷமாக வாயில் வராத ஒன்றையும் சொல்லித் தொலைத்துவிட்டேன். பதில் வரவில்லை. அவள் நெகிழ்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள் என்று நானும் நெகிழ்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

முதல் தீவில் இறங்கி நாலு எட்டு வைத்திருப்பேன். "கைடு ஐயா, இந்தத் தீவுல எவ்வளவு நேரம் நிப்போம்?" என்று ஒரு குரல். திரும்பினால், யாரோ ஒரு அம்மா! நர்ஸாம், அப்புறம் தெரிந்தது. அவருக்குப் பின்னால் வரிசையாக இன்னும் ஐந்து பேர். குடையைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், ஓயாமல் பேசிக்கொண்டு முன்னால் போகிறவன் கைடாகத்தான் இருப்பான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். செருப்பு என் வீட்டுது, கால் யாருதுன்னு எனக்குத் தலை சுற்றியது. "அம்மா, இது உங்க செருப்பா?" என்றேன். குனிந்து பார்த்து, "அட, இல்லையே! அதான் சரக்சரக்னு இழுக்குதா?" என்றார். திரும்பிப் போகலாம் என்றால் படகுக்காரன் மூன்று தீவும் சுற்றாமல் திரும்பமாட்டானாம். போனேன். "இந்த மரத்துக்கு என்ன வயசு?" என்று கேட்டார்கள். "எனக்கு மூத்தது" என்றேன். தலையாட்டிக்கொண்டார்கள்.

கரைக்கு வந்தபோது உங்கள் தங்கை படகுத்துறையின் கொதிக்கிற பலகைமேல் வெறுங்காலோடு நிற்கிறாள். மகனுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. நர்ஸம்மா செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். "உங்க வீட்டுக்காரர் படகுல ஒண்ணு சொன்னாருங்க. எங்க வீட்டுக்காரர் வாயிலேர்ந்து முப்பது வருஷத்துல அப்படி ஒரு வார்த்தை வந்ததில்ல" என்றார். "என்ன சொன்னார்?" என்றாள் இவள். "அதை அவர் வாயாலயே கேட்டுக்குங்க" என்று போய்விட்டார்.

வேனில் கேட்டாள். "மரம் மட்டையைப் பத்தி ஏதோ சொன்னேன்" என்றேன். மருமகள் பாட்டை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். மறுநாள் காலை உங்கள் தங்கை பையைக் கட்டினாள். "யாரோ ஒருத்திகிட்ட சொல்ல வருதுல்ல? என்கிட்ட சொல்ற அன்னிக்குத் திரும்பி வரேன்" என்றாள். மச்சான், சொல்லலாம்தான். அவள் எதிரே நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன், நீங்கள் அவளுக்குப் படித்துக்காட்டி, அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடவும். என்ன டைப்பிஸ்ட் அம்மா, நாற்காலி நகர்கிறது? தண்ணி குடிக்கணுமா? குடிச்சிட்டு வாங்க. உட்கார்ந்தாச்சா? எழுதுங்க.

"ஊர்ல இருக்கற சைக்கிளை எல்லாம் காவல் காத்தேன். பொழுது சாஞ்சா அவங்கவங்க வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க, ஸ்டாண்டு காலியாயிடும். எனக்குன்னு விளக்கைப் போட்டு உக்காந்திருந்தது நீ ஒருத்திதான். நீ இல்லாத வீட்டுக்கு எனக்கு வழி தெரியாது."

என்னது, சரியாகக் கேட்கவில்லையா? தொண்டை கட்டியிருக்கிறதா உங்களுக்கு? எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு தரம் போதாதா? கடைசி வரிதானே. "நீ இல்லாத வீட்டுக்கு எனக்கு வழி தெரியாது." போதுமா?

தங்கள் வீட்டுச் சின்னவர்களுக்கு என் ஆசி, பெரியவர்களுக்கு வணக்கம், தங்கைக்கு மேற்படி விஷயம்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை வீட்டுக்காரர்
(கைநாட்டுக்கு இடம் விடவும்)

பி.கு.: அண்ணா, நான்தான். இன்று காலை பொறுக்க முடியாமல் உன்னிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேனே, அந்த முதல் பஸ்ஸிலேயே வந்து, வெறுங்காலோடு பின்கதவு வழியாக நுழைந்தேன். டைப்பிஸ்ட் அம்மா என்னைப் பார்த்ததும் பேனாவைக் கையில் திணித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். "என்ன டைப்பிஸ்ட் அம்மா" என்பதிலிருந்து எல்லாம் என் கையெழுத்து. என்னை அனுப்பச் சொல்லும் கடிதம் இனி உனக்கு எதற்கு? படித்ததும் திருப்பி அனுப்பு, என் பெட்டியில் வைக்க வேண்டும். மனிதர் இன்னும் வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார். கைநாட்டு வைக்க எழுந்தால் என்னைப் பார்த்துவிடுவார். அதற்குள், மை கொட்டிவிட்டது என்று சொல்லி, அந்த வரியை மூன்றாம் தடவையும் சொல்ல வைக்கப் போகிறேன்.