கடலுக்கடியில் ஓடிய கடிகாரமும் தோ பாயோ ராகு காலமும்

தங்கக் கடிகாரம் சேர்ப்பவனை ஊர் மதிக்கும். கடலில் முக்குளிப்பவர்கள் கட்டும் கடிகாரங்களைச் சேர்ப்பவனை, அதுவும் நீச்சலே தெரியாதவனை, பெற்ற தாய்கூட மதிக்க மாட்டாள். நான் அந்த இரண்டாவது ரகம். (பீச்சில் தண்ணீர் முழங்காலைத் தொட்டாலே கரைக்கு ஓடி வந்துவிடுவேன்.)

எண்பதுகளின் தொடக்கம். கப்பல் பட்டறை ஒன்றின் அலுவலகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. அங்கே கப்பலின் அடிவயிற்றைப் பழுதுபார்க்கத் தண்ணீருக்குள் இறங்குபவர்களின் மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. ஞாயிறு விடிந்தால் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் இருப்பேன். அங்கேதான் ஒரு நாள், துருப்பிடித்த ஸ்பேனர்களுக்கு நடுவில், அதைப் பார்த்தேன். கறுப்பு முகம், தடித்த கண்ணாடி, இருட்டில் ஒளிரும் வெண்புள்ளிகள், சுற்றிலும் நிமிட எண்களோடு திருப்பக்கூடிய வளையம். முக்குளிப்பவர்களுக்கென்றே கொஞ்சமாகச் செய்து, பிறகு நிறுத்திவிட்ட ரகம்! விற்றவரிடம் அலட்சியமாக நடிக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, "ஐயோ!" என்று கத்திவிட்டேன். அப்புறம் பேரம் எங்கே பேசுவது?

கடிகாரக் கடைக்காரர் பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னார். நேரத்தைத் திருத்தும் திருகின் மரை தேய்ந்துவிட்டது, ஒரு முறை கழற்றினால் மறுபடி இறுக மூடாது, தொடாதே. எனக்கு அதில் கவலையில்லை. கையில் கட்டியிருந்தால் தானாகவே ஓடும் கடிகாரம், திருகைத் தொட என்ன அவசியம்?

அவசியத்தைச் சிங்கப்பூரே கொண்டு வந்தது. அந்த ஜனவரியில் நாடு முழுக்கக் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் நகர்த்தினார்கள். என்னுடையதை மட்டும் நகர்த்த முடியாது. ஆனால் மூளை இருக்கிறதே! வெளி வளையத்தைப் பாதிச் சுற்று திருப்பி வைத்தேன். இனிமேல் நிமிடத்தை முகத்தில் பார்க்காமல் வளையத்தில் பார்த்தால் புது நேரம். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

அடுத்த மாதமே பெண் பார்க்கும் நாள் வந்தது. தோ பாயோவில் வீடு, பெயர் விஜயா. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சன்னியாசம்தான் என்று முடிவு செய்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம். நாலே காலுக்குள் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. அப்பா தன் கடிகாரத்தைத் தேடினார்.

"அது எதுக்குப்பா? இது முந்நூறு மீட்டர் ஆழத்துல ஓடுன வாட்ச். இன்னிக்கு டைம் என் பொறுப்பு."

டாக்சியில் சீக்கிரமே போய்விட்டோம். பக்கத்து புளோக் காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். புது முழுக்கைச் சட்டை, இறுக்கமான கஃப். பரபரப்பில் சட்டைக் கையை ஏற்றுவதும் நேரம் பார்ப்பதும் இறக்குவதுமாக இருந்தேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கஃப் என் வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. விஜயாவின் முகம்தான் தெரிந்தது.

"டேய், கடை கடிகாரத்துல நாலரை ஆகுதுடா," என்றார் அப்பா.

என் வளையத்தில் நாலுதான். நான் சிரித்தேன். "இவங்க அரை மணியை ரெண்டு தடவை கூட்டிட்டாங்க போலப்பா. வாங்க, இப்ப போனா சரியா இருக்கும்."

கதவைத் திறந்த விஜயாவின் அம்மா எங்களைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், முகம் வெளுத்தார். "ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சுங்க... கோவிச்சுக்காதீங்க, கொஞ்சம் கீழ இருந்துட்டு ஆறு மணிக்கு மேல வர்றீங்களா?"

பட்டுப்புடவையும் பழத்தட்டுமாக அம்மா, புளோக்கின் கீழ்த்தளத் திறந்த கூடமான வாய்ட் டெக்குக்கு வெளியே இருந்த கல் மேசையில் உட்கார்ந்தார். பக்கத்து மேசையில் சதுரங்கம் ஆடிய சீனப் பெரியவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எங்களை ஆடவிட்டுப் பார்த்தார்கள். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். "முந்நூறு மீட்டராம்!" என்று சொல்லிக்கொண்டே அந்தத் திருகைக் கழற்றி, நேரத்தைத் திருத்தினார். என் உயிர் போய் வந்தது. அவசரமாக மூடினேன். இறுகியது போலத்தான் இருந்தது.

மனது கேட்காமல் விஜயாவின் அப்பா ஒரு ஜக் நிறையப் பண்டோங் கலக்கி, கண்ணாடி டம்ளர்களோடு கீழே வந்தார். ரோஜா சிரப்பும் பாலும், இளஞ்சிவப்பு நிறம். மரியாதைக்காகக் கேட்டார்: "தம்பி, இது தண்ணிக்குள்ள போட்டாலும் ஓடுமாமே?"

அந்த ஒரு கேள்வி போதாதா எனக்கு! மானம் திரும்பிவரும் வாசல் திறந்துவிட்டது.

"தண்ணி என்ன அங்கிள், எதுல வேணும்னாலும் ஓடும். பாருங்க!"

கடிகாரத்தைக் கையிலிருந்து கழற்றினேன். என் டம்ளரிலேயே முக்கினேன்.

குமிழ் வந்தது. ஒன்று, இன்னொன்று, பிறகு வரிசையாக. வெளியே எடுத்தபோது கண்ணாடிக்குள் பாதி உயரத்துக்குப் பண்டோங் நின்றது. விநாடி முள் கொஞ்சம் தத்தளித்துவிட்டு நின்றுபோனது. அப்போது மேலே, நாலாவது மாடியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. நிமிர்ந்தேன். தாழ்வாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிட முடியாமல் விஜயா சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பெண் பார்ப்பதற்கு முன்னால் அவள் மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டாள்.

ஆறு மணிக்கு மேல் கேசரி கொடுத்துவிட்டு அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"ஸ்விம்மிங் தெரியுமா?"

"தெரியாது."

மறுபடி சிரித்தாள். உள்ளே போய் அவள் அம்மாவிடம் சரி என்று சொன்னாளாம். அந்த நிமிடம் எனக்கிருந்த சந்தோஷத்துக்கு சுங்கை ரோடு சந்தை மொத்தமும் ஈடாகாது.

கடிகாரத்தைப் பிரித்துக் கழுவி ஓட வைத்துவிட்டார்கள். வெண்புள்ளிகள் மட்டும் இளஞ்சிவப்பாகவே தங்கிவிட்டன. போன மாதம், பழைய கடிகாரம் சேர்க்கும் இளைஞர் ஒருவர் எங்கள் ஈசூன் வீட்டுக்கு வந்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தவர், அன்று சந்தையில் நான் கத்திய மாதிரியே கத்திவிட்டார்.

"அங்கிள்! இப்படி ரோஸ் கலர் டாட்ஸ் நான் எங்கயுமே பார்த்ததில்ல. கடல் உப்புல பல வருஷம் ஊறினாதான் இப்படி ஆகும், இல்லையா?"

நான் கனமாகத் தலையாட்டினேன். (கடலைப் பற்றி நாலு வார்த்தை சொல்லவும் வாயெடுத்துவிட்டேன்.)

சமையலறையிலிருந்து விஜயாவின் குரல் வந்தது. "கடல் இல்ல லா தம்பி, எங்கப்பா கலக்குன பண்டோங்! உங்களுக்கும் ஒரு கிளாஸ் கொண்டு வரேன், முதல்ல வாட்ச்சை அவர் கைக்கு எட்டாத இடத்துல வைங்க."