பூங்கொடி இனி இல்லை

பெயர் வைக்க யாராலும் முடியும். வைத்த பெயரை மாற்றுவதற்குத்தான் தனிப் பக்குவம் வேண்டும். அந்தப் பக்குவம் என்னிடம் மூட்டைக் கணக்கில் இருப்பதாக இளவயதில் நம்பிக்கொண்டிருந்தேன்.

பீளமேட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் சிறு கூட்டம் எங்களுடையது. கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளைத் தமிழில் செய்து இலவசமாகக் கொடுத்துவந்தோம். யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். (சம்பளம் கிடையாது. டீ மட்டும் முறைவைத்து வாங்கினோம்.) அதன் பெயர் பூங்கொடி. அதே பெயரில் வேறு ஊர்க்காரர்கள் முன்பே ஒரு மென்பொருள் வைத்திருப்பது தெரியவந்ததால், மாற்றியாக வேண்டிய கட்டாயம். "பூ போனா மலர் வரட்டுமுங்க, சனங்களுக்குக் குழப்பமே இருக்காது" என்று மலர்விழி என்ற பெயரைச் சொன்னவன் நான். பயன்படுத்துகிறவர்கள் குழம்பாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஓர் ஆள்கூடக் குழம்பக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். மின்னஞ்சல் அனுப்பினால் யாரும் படிப்பதில்லை. ஆகவே கம்ப்யூட்டரைத் திறந்ததும் திரை முழுக்க அறிவிப்பு வரும்படி செய்தேன். சிவப்புப் பின்னணியில் பெரிய எழுத்து: "பூங்கொடி இனி இல்லை." அதன் கீழே கொஞ்சம் சிறிதாக, "இன்று முதல் உங்களுடன் இருக்கப்போவது மலர்விழி." அதற்கும் கீழே ஒரே ஒரு பொத்தான்: "ஒப்புக்கொள்கிறேன்." அதை அழுத்தாமல் ஒரு வேலையும் ஓடாது.

எங்கள் குழுவில் எதையும் சோதித்துப் பார்ப்பவர் ஸ்டெல்லா. "ஏனுங்க, இத வெளியாளு யாருக்காச்சும் ஒருக்கா காட்டிப்போட்டு அனுப்பலாமுங்களே" என்றார்.

"தமிழ் தெரிஞ்ச யாருக்கும் இது புரியுமுங்க" என்று சொல்லி அன்று இரவே எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். (புரிந்தது. அதுதான் வினை.)

மறுநாள் காலை ரங்கசாமி ஐயா போனில் கூப்பிட்டார். அவிநாசிப் பக்கம் நூல் மில் வைத்திருப்பவர். ஆபீஸ் முழுக்க எங்கள் மென்பொருளைப் போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான். அவரை இழந்தால் எங்களை நம்பி இன்னொருவர் வரப்போவதில்லை.

"தம்பி, எங்கூட்டம்மா பேரு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க."

"பூங்கொடி."

அவர் மனைவியை நினைத்துக்கொண்டு என் முதல் வரியை மனதுக்குள் படித்துப் பார்த்தேன்.

"ஆபீசுல பாதிப்பேரு மொத வரிய மட்டும் படிச்சுப்போட்டு பூமாலைக்குச் சொல்லிட்டாங்க. மாலையும் அம்மணியும் ஒண்ணா உள்ள வந்தாங்க."

"ஐயா, மன்னிச்சுக்கோங்க..."

"இருங்க, இன்னும் முடியல. கணக்குப் பாக்கோணுமேன்னு நான் ஒப்புக்கொள்கிறேன்னு அமுக்கிப்போட்டேன். அம்மணி பின்னாடி நின்னு ரண்டாவது வரியப் படிச்சுட்டு இருந்திருக்குது."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணலீன்னா, எல்லாத்தையும் எடுத்துப்போட்டு வேற வாங்கிக்கறேனுங்க."

ஸ்டெல்லாவையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் மன்னிப்பு வாசகத்தை ஒத்திகை பார்த்தேன். மில் ஆபீசுக்குள் நுழைந்ததும் மேஜைமேல் இருந்த மாலையைப் பார்த்தேன், அத்தனையும் மறந்துபோயிற்று.

மாலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பூங்கொடி அம்மா நிமிர்ந்தார். "வாங்க கண்ணு. யாரு அந்த மலர்விழி?"

"அது ஒரு இயங்குதளமுங்கம்மா."

"எந்த ஊரு?"

"பீளமேடுங்க" என்று உளறிவிட்டேன். ரங்கசாமி ஐயா கண்ணை மூடிக்கொண்டார்.

ஸ்டெல்லாதான் திரையைத் திருப்பிவைத்தார். "அம்மா, உங்க கணக்கு, கடுதாசி எல்லாம் நேத்து இருந்த எடத்துலயேதான் இருக்குதுங்க. பேரு மட்டுந்தான் வேற." ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார்.

அம்மா கடைசிவரை பார்த்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

 அப்படியே திரும்பிப் போக மனம் இல்லை. "நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் எழுதறேனுங்கம்மா" என்று அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

முதலில் எழுதியதைப் படித்துவிட்டு, "கோர்ட்டு நோட்டீசாட்ட இருக்குது" என்றார். அடுத்து, மலர்விழி என்று போட்டு அடைப்புக்குறிக்குள் "பழைய பூங்கொடி" என்று எழுதினேன். அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "ஆரு பழைய பூங்கொடி?" அவர் கேட்டு முடிப்பதற்குள் அழித்துவிட்டேன்.

சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. ஆபீசில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். யார் நெற்றி சுருங்கினாலும் திருத்தினேன். அதற்குள் யாரோ அந்த மாலையைக் கொண்டுபோய் மில் பிள்ளையாருக்குச் சாத்திவிட்டார்கள்.

கடைசியில் இப்படி வந்து நின்றது: "பெயர் மட்டும் மாறியிருக்கிறது. உங்கள் கோப்புகள் எல்லாம் அதே இடத்தில் இருக்கின்றன. நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். இதன் பெயர் மலர்விழி, முன்பு பூங்கொடி." பொத்தானில் "சரி" என்று மட்டும். சிவப்பையும் எடுத்துவிட்டேன்.

அம்மா வாய்விட்டுப் படித்தார். சரியை அவரே அழுத்தினார். "இப்பப் புரியுது. ரண்டு பேரும் சாப்புட்டுப்போட்டுப் போங்க."

அங்கிருந்தே எல்லோருக்கும் அனுப்பினேன். அந்த வாரம் வெள்ளகோவிலிலிருந்து ஒருவர் கூப்பிட்டபோது மன்னிப்பு வாசகத்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்றுதான் கேட்டார்.

பின்னாளில் என் கல்யாண விருந்தில் ஸ்டெல்லா இந்தக் கதையைப் பந்தி முழுக்கச் சொல்லிவைத்தார். என் மாமனார் இன்றுவரை அதை விடவில்லை. எங்கள் மகளுக்குப் பெயர் வைக்கும் நாளில், "மாப்ளைக்கு ஏதாச்சும் பேரு தோணுதுங்களா?" என்று ஒருவர் மரியாதைக்குக் கேட்டார். "அவரக் கேக்காதீங்க. ஒரு பேரு வெச்சாருன்னா, அதுக்கு முன்னால ஒருத்தரச் சாகடிச்சுப்போட்டுத்தான் வெப்பாரு" என்றார் மாமனார்.

பெயரை என் மனைவியே முடிவு செய்தாள். எனக்கு அறிவிப்பு மட்டும் வந்தது.