ஆறு வேலைக்குச் சரி சொன்னவன்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைக் கேட்டாலும் முகத்துக்கு நேரே "மாட்டேன்" என்று சொல்ல வாய் வராது. "சரி" என்றுதான் வரும். கல்யாணப் பந்தியில் நான்காவது தடவை பாயசம் ஊற்ற வந்தாலும் சரி என்பேன். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் தன் கோழிக் கூடையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாலும் சரி என்பேன். இந்த வியாதி முற்றிப்போய், ஒரே வாரத்தில் மலாக்கா டவுனில் காலியாக இருந்த வேலைகளை எல்லாம் நான் ஒருவனே எடுத்துக்கொண்ட கதையை இப்போது சொல்லிவிடுகிறேன். (வீட்டில் எல்லோரும் இதை ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும்போது நான் இன்னும் கொஞ்சம் அசடாகத் தெரிகிறேன்.)

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருடம்கூட ஆகாத சமயம். வெள்ளைக்காரன் கப்பலேறினால் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியெல்லாம் காலியாகும், நமக்கு ஆளுக்கொன்று கிடைக்கும் என்று பாதி ஊர் நம்பியது. நம்பியவர்கள் காலை ஏழு மணிக்கே காஜா பேராங் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடிப்படியில் வரிசை பிடித்து நின்றார்கள். மேலே இருந்ததை நாங்கள் 'வேலை ஆபீஸ்' என்போம். வேலை தேடுகிறவர்களின் பெயரை எழுதிவைத்து, ஆள் தேடும் முதலாளிகளிடம் அனுப்புகிற இடம். பெயர் எழுதும் நோட்டு நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போனது. ஆனால் எந்த முதலாளியும் படியேறி வந்து எனக்கு ஆள் வேண்டும் என்று சொல்லவில்லை.

அதனால் ஆபீஸே முதலாளிகளைத் தேடிப்போவது என்று முடிவானது. கடை கடையாக, பட்டறை பட்டறையாகப் போய், எங்கே இடம் காலி, என்ன வேலை, எத்தனை மணி நேரம், எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று அச்சடித்த பாரத்தில் எழுதிவர ஒரு தற்காலிகக் கிராணி, அதாவது குமாஸ்தா, தேவைப்பட்டார். என் அக்கா புருஷன் அந்த ஆபீஸில் பியூன். அத்தான் சிபாரிசில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. அப்போது எனக்கு வயது இருபத்தொன்று. மேலுதட்டில் மீசை மாதிரி ஒன்று அப்போதுதான் முளைத்திருந்தது.

"பதினஞ்சு நாள் ஒழுங்கா செய், தம்பி. நெரந்தரம் பண்ண நான் எழுதறேன்" என்றார் பெரிய கிராணி அருளப்பன்.

அந்த நிரந்தரக் கடிதத்தில் என் உயிரே இருந்தது. காரணம், செமாபோக்கில் இருந்த சரோஜா. கோயிலில் ஒருமுறை அவளைப் பார்த்திருந்தேன். எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். (என்னைப் பார்த்து அல்ல என்று இன்றுவரை நம்புகிறேன்.) அத்தான் மூலமாகப் பேச்சு விட்டதில், அவள் அப்பா வடிவேலு, "கவர்மெண்டு வேல நெரந்தரம்னு கடுதாசி வரட்டும். அதுக்கப்புறம் பையன் பொண்ணப் பாக்க வரட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மனிதர் என்னைப் பார்த்ததுகூட இல்லை. செமாபோக்கில் ஒரு மரம் அறுக்கும் மில்லில் அவர் கிராணி என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

முதல் நாள் கழுத்தில் டை, கையில் ஃபைல் சகிதம் புறப்பட்டேன். முதலில் போனது கிச்சாப் என்கிற சோயா சாஸ் காய்ச்சும் பட்டறை. தவுக்கே, அதாவது சீன முதலாளி, என் ஃபைலைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இங்கே ஆளே கிடையாது" என்றார் மலாயில்.

அவருக்குப் பின்னால் நான்கு பேர் சட்டையில்லாமல் பெரிய ஜாடிகளைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் காட்டினேன்.

"என் மச்சான்கள். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார்கள்."

அன்று போன இடமெல்லாம் இதே கதை. ஒரு கடையில் என்னைப் பார்த்ததும் பலகைக் கதவை ஒவ்வொன்றாக எடுத்து மாட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சாயங்காலம் புக்கிட் பாருவில் இருந்த எங்கள் வீட்டில் அத்தான் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஃபைலத் தூக்கிட்டுப் போனா வரி ஆபீஸர்னுதாண்டா நெனப்பான்! பழைய சட்டையப் போட்டுக்கிட்டு, சாதாரண ஆள் மாதிரி போயி மெதுவா கேளு."

வழக்கம்போல, சரி என்றேன்.

மறுநாள் பழைய சட்டை, பையில் ஒரு பேனா. ரொட்டி சுடும் கடைக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு, "கெர்ஜா கோசோங் அடா?" என்றேன். காலி வேலை இருக்கிறதா என்று அர்த்தம். என்ன அதிசயம்! அந்தத் தவுக்கே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். கோப்பி வந்தது. மாவு மூட்டை தூக்குவாயா, அடுப்புச் சூடு தாங்குவாயா, விடிவதற்கு முன் வருவாயா என்று கேட்டார். நானும் தலையாட்டித் தலையாட்டி, சம்பளம், நேரம், லீவு எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடைசியில், "திங்கட்கிழமை வந்துவிடு" என்றார்.

இங்கேதான் ஒரு மனிதன் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் கோப்பியைக் குடித்தாகிவிட்டது. மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா? "சரி தவுக்கே" என்று சொல்லிவிட்டு, தெருமுனை திரும்பியதும் சைக்கிள் சீட்டில் பாரத்தை வைத்து முழுசாக நிரப்பினேன். திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து யாரையாவது அனுப்பப்போகிறோம். தவுக்கேக்கு வேண்டியது இரண்டு கை, இரண்டு கால். யாருடைய கை கால் என்பதில் அவருக்கு என்ன வந்தது? என் புத்தி அவ்வளவு தூரம்தான் போனது.

அதன் பிறகு தொழில் சூடு பிடித்தது. ஐஸ் பட்டறையில் என் புஜத்தை அமுக்கிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, இருந்தாலும் எடுத்துக்கொண்டார்கள். கிச்சாப் தவுக்கேக்கு டை இல்லாத என்னை அடையாளம் தெரியவில்லை. மச்சான்களில் இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனதைச் சொல்லி வருத்தப்பட்டு, வேலை கொடுத்தார். சீனர் சாவு வீடுகளுக்கு வாசிக்கிற ஒரு பேண்டு செட்டில் ஜால்ரா தட்ட ஆள் இல்லையாம். தட்டிக் காட்டச் சொன்னார்கள். தட்டினேன். "தாளம் இல்லை, ஆனால் முகத்தில் நல்ல சோகம் இருக்கிறது" என்று சேர்த்துக்கொண்டார்கள்.

காஜா பேராங்கிலேயே, பல தலைமுறையாக மலாக்காவில் ஊறிப்போன செட்டிகள் குடியிருக்கும் கம்பத்தில், அதாவது கிராமத்தில், மீனாட்சி மக்சிக் இருந்தார். (மக்சிக் என்றால் மலாயில் அத்தை மாதிரி.) பெயர் மீனாட்சி, நெற்றி நிறைய விபூதி, வாசலில் மாவிலைத் தோரணம். ஆனால் பேச்சு முழுக்க மலாய். கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்து கொடுப்பவர். காலி வேலை என்று வாயைத் திறந்ததுமே என்னைத் துருவுபலகையில் உட்காரவைத்துவிட்டார். இருபது தேங்காய் துருவினேன். இருபத்தோராவதில் கட்டைவிரலும் சேர்ந்து துருவிக்கொண்டது. மக்சிக் தன் பழைய பாத்தேக் சாரோங் கைலியில் ஒரு துண்டு கிழித்து, சிவப்புப் பூப் போட்ட கட்டு ஒன்றைக் கட்டைவிரலில் கட்டிவிட்டு, "திங்கட்கிழமை வா மகனே, பெரிய கல்யாண ஆர்டர் இருக்கிறது" என்றார். அவ்வளவு அன்பாகச் சொன்னவரிடம் எப்படி மறுப்பது?

கடைசியாக செமாபோக்கில் மரம் அறுக்கும் மில். நல்ல வேளையாக, கிராணி வெளியே போயிருந்தார். பலகை தூக்கி அடுக்கும் வேலை என்றார் ஆட்களை மேய்க்கும் மண்டோர். அவரிடமும் சரி என்றேன்.

சனிக்கிழமை ஆறு பாரங்களை மேஜைமேல் வைத்தேன். பெரிய கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். "இந்த ஆபீஸ் தெறந்ததுலேர்ந்து இப்படி ஒரு வெவரம் வந்ததில்ல" என்றார். அன்று இரவு நான் கனவில் தாலி கட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை, வரிசையிலிருந்து ஆறு பேரைப் பொறுக்கி எடுத்து, சீட்டுக் கொடுத்து, ஆறு இடங்களுக்கும் அனுப்பினார்கள். பத்து மணிக்கு முதல் ஆள் திரும்பி வந்தான்.

"ஆள் எடுத்தாச்சாம் சார். யாரோ ஒரு தமிழ்ப் பையன். இன்னைக்கு வர்றேன்னு சொன்னானாம். தவுக்கே வாசல்லயே நிக்கிறாரு."

இரண்டாவது ஆளும் அதையேதான் சொன்னான். மூன்றாவது ஆள், ஒல்லியான பையனாம் என்று சேர்த்துச் சொன்னான். நான்காவது ஆள் அரும்பு மீசையைப் பற்றிச் சொன்னான். ஐந்தாவது ஆள், முகத்தில் நல்ல சோகமாம் என்றான். மதியத்துக்குள் ஆறு பேரும் திரும்பிவிட்டார்கள். பெரிய கிராணி எல்லா அங்க அடையாளங்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, உரக்கப் படித்துக் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு பென்சில் சீவினேன்.

"ஒரே பய, மலாக்கால இருக்கற வேலையெல்லாம் வாங்கிப் போட்டுக்கிட்டு ஒண்ணுக்கும் போகல. வெளியில நூறு பேரு வேல இல்லாம நிக்கறான்!" அவர் மூக்கு சிவந்துவிட்டது. "தம்பி, அந்த எடமெல்லாம் ஒனக்குத்தான் தெரியும். நாளைக்குள்ள அவன நீ புடிச்சுக் குடு. நெரந்தரக் கடுதாசியில நாளைக்கே கையெழுத்து வாங்கித் தர்றேன்."

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். "சரி சார்" என்றேன்.

ஆபீஸ் விட்டதும் நேராக முடிவெட்டும் கடைக்குப் போய் மீசையை எடுத்தேன். எடுக்கிறவர், "இதுக்குக் கத்தி வேணுமா, துணியால தொடச்சாப் போதாதா?" என்று கேட்டதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. வீட்டில் அத்தான், "மீசை எங்கடா?" என்றார். வெயிலுக்கு எடுத்துவிட்டேன் என்றேன்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குப் படியில் செருப்புச் சத்தம். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடையோடு ஒருவர் வந்தார். செமாபோக் மில்லிலிருந்து வருவதாகவும், மண்டோர் எடுத்த பையன் வராததால் நேற்று அறுத்த பலகையெல்லாம் தரையில் கிடப்பதாகவும் சொன்னார். அத்தான் என் காதில், "டேய், சரோஜாவோட அப்பாடா" என்றார்.

அத்தான் சும்மா இருந்திருக்கலாம். "அண்ணே, நான் சொன்ன தம்பி இதுதான். அந்தத் திருட்டுப் பயலப் புடிக்கற பொறுப்பே இவன்கிட்டதான் குடுத்திருக்கு" என்றார்.

வடிவேலு என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நல்லது தம்பி. இப்படிப் பொறுப்பான புள்ளைங்கதான் இந்த நாட்டுக்கு வேணும். புடிச்சா மொதல்ல எங்கிட்டக் கொண்டா."

"சரிங்க" என்றேன்.

அப்போதுதான் மீனாட்சி மக்சிக் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். கல்யாண ஆர்டர் தலைக்குமேல் இருக்கிறது, தேங்காய் துருவ வருகிறேன் என்ற பையன் வரவில்லை, வேறு ஆள் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். மீசை இல்லாத முகத்தில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பார்வை மேஜைமேல் இருந்த என் கைக்கு இறங்கியது. கட்டைவிரலில் சிவப்புப் பூ பாத்தேக். மீசையை எடுக்கத் தெரிந்தவனுக்குக் கட்டை அவிழ்க்கத் தெரியவில்லை.

"இனி டியா!" என்று கூவினார். "இவன்தான்! என் சாரோங் துணி!"

பெரிய கிராணி அங்க அடையாளத் தாளை எடுத்தார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"ஆறு எடமும் நீதானா?"

"ஆமா சார்."

"எதுக்குடா எல்லாத்துக்கும் சரின்ன?"

"மரியாதைக்கு சார்."

வரிசையில் நின்றவர்களில் யாரோ முதலில் சிரித்தார். அப்புறம் படிக்கட்டே சிரித்தது. அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சிரிக்காமல் இருந்தவர் வடிவேலு ஒருவர்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சரோஜா, கடிதம், எல்லாம் அந்த மாடியிலேயே போய்விட்டது என்று நினைத்தேன்.

பெரிய கிராணி தண்டனை விதித்தார். அந்த ஆறு பேரையும் நானே கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு முதலாளியிடமும் மன்னிப்புக் கேட்டு, கையில் ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். ஐந்து இடத்தில் ஒப்படைத்தேன். (பேண்டு செட்டுக்காரர் மட்டும், புது ஆள் ரொம்பச் சிரித்த முகமாக இருக்கிறான் என்று குறைப்பட்டுக்கொண்டார்.) ஆறாவது செமாபோக் மில். வடிவேலு வாசலிலேயே மறித்தார்.

"இந்தப் பையன் வேணாம். ஆறு பேருக்கு வாக்குக் குடுத்திருக்க. ஒருத்தருக்காவது காப்பாத்து. எனக்கு, சரின்னு சொன்ன ஆளேதான் வேணும்."

அவர் வேண்டாம் என்ற அந்தப் பையனை, போகட்டும் என்று, வேலை ஆபீஸிலேயே என் இடத்தில் வைத்துக்கொண்டார்கள். அடுத்த மாதமே அவனை நிரந்தரமாக்கினார்கள். நான் எட்டு மாதம் பலகை அடுக்கினேன். ஒரு நாள்கூட லீவு போடவில்லை. தோளில் தழும்பு விழுந்தது. மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுவரும் சரோஜா, பலகைக்கு அடியில் நடந்துபோகிற இரண்டு கால்களைத்தான் முதலில் பார்த்திருக்கிறாள். பார்த்துச் சிரித்தாள். இந்த முறை என்னைப் பார்த்துத்தான், சந்தேகமே இல்லை. எட்டாவது மாதம் வடிவேலு அத்தானைக் கூப்பிட்டு, "கடுதாசி கெடக்குது. பையன் சரின்னு சொன்னா சொன்னபடி வந்துடறான்" என்றார்.

பெண் பார்க்கப் போனோம். "பொண்ணப் புடிச்சிருக்கா தம்பி?" என்று யாரோ கேட்டார்கள். வாய் தன்னால் சரி என்றது. கோப்பித் தட்டோடு உள்ளே திரும்பப் போனவள் நின்றாள்.

"மரியாதைக்கா, நெசமாவா?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு வேர்த்துக் கொட்டியது. "நெசமாதான்" என்றேன்.

அன்று பிடித்தது, இன்றும் விடவில்லை. வாக்கிங் போகிறேன் என்றாலும், சர்க்கரையைக் குறைக்கிறேன் என்றாலும், அடுக்களையிலிருந்து அதே கேள்வி வரும். பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள், பேரப்பிள்ளைகள் டாக்டரின் எதிரிலேயே கேட்கிறார்கள். போன வாரம் சரோஜா மாத்திரை டப்பாவை மூடிக்கொண்டே, "எனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா, அழுதுகிட்டு ஒக்காந்துடாம ஒழுங்கா சாப்பிட்டுத் தூங்குவீங்களா?" என்று கேட்டாள்.

"சரி" என்றேன்.

"மரியாதைக்கா, நெசமாவா?"

"மரியாதைக்குத்தான்" என்றேன்.