ஜட்டி எலாஸ்டிக்கில் கட்டிய வில்

கையில் ஊசியும் பக்கத்தில் துண்டுத் துணியும் இருந்தால் உலகத்தில் எதையும் செய்துவிடலாம் என்று நம்புகிற கூட்டம் ஒன்று திருப்பூரில் உண்டு. அதில் முதல் வரிசையில் நிற்பவள் நான். பனியன் கம்பெனியில் சாம்பிள் தைக்கும் பிரிவில் வேலை. (அந்தத் திமிர் தனி.)

போன வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவிநாசிப் பக்கம் வில்வித்தை கற்கப் போனேன். வில்லை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, அம்பு பாய்ந்ததும் அது தானாக முன்னால் துள்ளும், கீழே விழாமலிருக்க மணிக்கட்டோடு ஒரு வார் கட்டிக்கொள்ள வேண்டும் என்றார் பயிற்சியாளர்.

"கடையில வாங்கிக்குங்க மேடம்."

"எதுக்குங்க சார்? நானே தைச்சுக்குவேனுங்க."

தைத்தேன். பழைய ரெக்சின் பையில் கைக்கவசம். தண்ணீர்க் குழாய்த் துண்டில் அம்புக்கூடு. வாருக்கு, கம்பெனியில் கழிவாகக் கிடந்த ஜட்டி எலாஸ்டிக், இரண்டு மடிப்பாக. பயிற்சிக்குக் கொடுத்த சின்ன மூங்கில் வில்லில் அது அற்புதமாக வேலை செய்தது. கணவரிடம் காட்டினேன். "சூப்பர்" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி வந்தது. மாமியார் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டு, மாமனாரையும் இழுத்துக்கொண்டு, தக்காளி சாதத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். அன்றைக்குப் பார்த்துக் கையில் கொடுத்தது பெரிய வில்.

முதல் அம்பை விட்டேன். நேராக நடு மஞ்சள் வட்டத்தில் போய்க் குத்தியது.

"என்ற மருமவ அடிச்சுட்டாளுங்க!" என்று மாமியார் எழுந்து கத்தியது காதில் விழுந்தது. அடுத்த நொடி, முன்னால் துள்ளிப்போன வில், எலாஸ்டிக்கின் புண்ணியத்தில் அதே வேகத்தில் திரும்பி வந்து என் மூக்கில் அடித்தது. கண்ணில் நீர் கொட்டியது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து மக்கள் கைதட்டினார்கள்.

பயிற்சியாளர் ஓடிவந்தார். "ஏனுங்க மேடம், அந்த வாரைக் கழட்டீரலாமுங்களா? எங்கிட்ட வேற இருக்குதுங்க."

"வேண்டாமுங்க சார். சமாளிச்சுக்குவேன்." (மூக்கு போனாலும் பரவாயில்லை, தைத்தது நான் அல்லவா!)

சமாளிக்க ஒரு திட்டமும் வைத்திருந்தேன். அம்பை விட்டவுடன் குனிந்துவிடுவது. திட்டத்தில் ஒரே குறை, பயத்தில் நான் விடுவதற்கு முன்பே குனிந்துவிட்டேன். வில் மேலே பார்க்க, அம்பு இலக்குப் பலகையைத் தாண்டிப் பறந்து, பின்னால் வேலியில் கட்டியிருந்த பெரிய பேனரில் புகுந்தது. பேனரில் சிரித்துக்கொண்டிருந்தவர் அன்றைய சிறப்பு விருந்தினர். அம்பு நின்ற இடம் அவர் மீசை.

மேடையிலிருந்த விருந்தினர் மெல்லத் தன் மீசையைத் தடவிப் பார்த்தார். மைக்கைப் பிடித்தார்.

"குறி நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா நான் இந்தப் பக்கமல்லங்களா உக்காந்திருக்கறேன்?"

சிரிப்புச் சத்தம் அடங்க வெகுநேரமானது. மாவட்ட அணியில் என் பெயர் இல்லை. வீங்கின மூக்கோடு தக்காளி சாதம் சாப்பிட்டேன். "காரம் அதிகமா கண்ணு?" என்று மட்டும் கேட்டார் மாமியார்.

இப்போதெல்லாம் நான் ஒட்டடைக் குச்சியைக் கையில் எடுத்தால் போதும், மாமியார் சுவரில் மாட்டியிருக்கும் மாமனார் படத்தைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுகிறார். மாமனாரும் நாற்காலியை விட்டு எழுந்து, படத்தின் பின்னாலேயே போய்விடுகிறார்.